ஒருவர் செலவே இன்னொருவர் கூலி

சென்ற மாதக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், கார்மெண்ட் பட்டறையில் தாகா கட்டிங் செய்யும் சகோதரி ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார்: "அண்ணாச்சி, அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம், அதனால பீஸ் ரேட்டைக் கொறைக்கோம்னு சேட்டு சொல்லுதாரு. அங்க ஒருத்தன் சட்டை வாங்காததுக்கும் இங்க நான் நூல் வெட்டுததுக்கும் என்ன சம்பந்தம்?"

கேள்வி சிறியது, பதில் சிறியதல்ல. கடைசி வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தப் பதில் நமக்கே திருப்தியாக இல்லை. ஆகவே இம்மாதத் தலையங்கத்தை அந்தச் சகோதரிக்கே எழுதுகிறோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே பார்சல் ஆபீசில் பேரேடு எழுதுகிறவனுக்கு அமெரிக்கப் பொருளாதாரம் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்! ஊரில் கூலி நின்றால் பத்து நாளில் பண்டல் குறையும், பண்டல் குறைந்தால் ஹமால் கூலி குறையும், ஹமால் கூலி குறைந்தால் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் பால் மிஞ்சும். இதைப் பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை. அமெரிக்காவில் நடப்பதும் இதே சங்கிலிதான். கண்ணிகள் பெரியவை, அவ்வளவே.

2024-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 29 லட்சம் கோடி டாலர். அதில் நூற்றுக்கு 68 பங்கு, குடும்பங்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருள்களும் சேவைகளும்தான். அமெரிக்கா என்றதும் நமக்குப் போர்விமானமும் ராக்கெட்டும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த வல்லரசு ஓடுவது, ஒரு சாதாரணக் குடும்பம் சனிக்கிழமை கடைக்குப் போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது! சட்டையும் காரும் மட்டுமல்ல. வீட்டு வாடகை, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், ஓட்டல் சாப்பாடு, முடிவெட்டு என்று அவர்கள் செலவில் பெரும்பங்கு சேவைகளுக்கே போகிறது. சேவை என்றால் என்ன? இன்னொரு மனிதனின் உழைப்பு. ஒரு நர்ஸ் ஓட்டலில் சாப்பிடுகிறாள், பரிமாறியவனுக்குக் கூலி. அவன் முடிவெட்டிக்கொள்கிறான், நாவிதருக்கு வருமானம். நாவிதரின் மகளுக்குக் காய்ச்சல் வருகிறது. பணம் நர்சிடமே திரும்பி வருகிறது. ஒருவர் செலவே இன்னொருவர் கூலி.

சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது எல்லாருக்கும் நல்லது. பின்னோக்கிச் சுழன்றால்? நர்சுக்கு வேலை போகவேண்டும் என்பதுகூட இல்லை. போய்விடுமோ என்ற பயம் வந்தாலே போதும், அவள் வீட்டில் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மாதந்தோறும் குடும்பங்களிடம், எதிர்காலம் எப்படித் தெரிகிறது, பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா என்று விசாரிக்கிறார்கள். வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்ற கணக்கை அரசாங்கம் வெளியிடுகிறது. அந்த எண் சற்றுக் கோணினால் பம்பாய் பங்குச் சந்தை வரைக்கும் ஆட்டம் காண்கிறது.

சரி, கூலி கூடினால் வியாபாரம் கூடும் என்றால், முதலாளிகள் ஏன் தாங்களாகவே கூலியைக் கூட்டுவதில்லை? இங்கேதான் எல்லாரும் ஹென்றி ஃபோர்டு கதையைச் சொல்வார்கள். தம் தொழிலாளர்கள் தம் காரையே வாங்கவேண்டும் என்று கூலியை இரட்டிப்பாக்கிய புண்ணியவான் என்பார்கள். கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

1914 ஜனவரி 5-ஆம் தேதி, டெட்ராய்டை ஒட்டிய தொழிற்சாலையில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்தார். அதற்கு முன் 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர், இனி 8 மணி நேரம்தான். அமெரிக்காவே வாய்பிளந்தது. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார்? 1913-ல் அவர் கொண்டுவந்த நகரும் வரிசை முறையில், ஒரே முறுக்காணியை நாள் முழுதும் முறுக்கும் வேலையில், ஆள் நிற்கவில்லை. சுமார் 14,000 பேரை வைத்திருக்க, அந்த ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்கவேண்டியிருந்தது. ஓடுகிறவனை நிறுத்தக் கொடுத்த கூலி அது, தர்மமல்ல. அதிலும் ஏறத்தாழப் பாதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைப் பெற வேண்டுமானால் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து, குடிக்கிறாயா, வீடு சுத்தமா, சேமிக்கிறாயா என்று பார்த்துச் சான்று சொல்லவேண்டும்! அறிவிப்பு வந்த ஒரு வாரத்தில் வேலை கேட்டுப் பத்தாயிரம் பேர்வரை உறைபனியில் வாசலில் திரண்டபோது, அவர்கள்மீது தீயணைப்புக் குழாயைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சி விரட்டினார்கள் என்பதும் அதே கதையின் ஒரு பகுதிதான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தக் காலத்தில் ஃபோர்டு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்து விற்றார். 14,000 தொழிலாளரும் ஆளுக்கொரு கார் வாங்கினாலும் மீதியை யார் வாங்குவது? ஆக, சொந்தத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்து அவனிடமே விற்று எந்த முதலாளியும் பிழைக்க முடியாது. அவருக்கு வேண்டியது மற்ற முதலாளிகளின் தொழிலாளர்கள் கையில் காசு. தம் தொழிலாளி செலவுக் கணக்கில் வருகிறான். அடுத்தவர் தொழிலாளியோ வாடிக்கையாளர் கணக்கில் வருகிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஒவ்வொரு முதலாளியும் தம் வாசலில் கூலி குறையவேண்டும், பக்கத்து வாசலில் கூலி ஏறவேண்டும் என்று விரும்புகிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் தம் வாசலில் குறைத்தால் பக்கத்து வாசல் என்பதே இல்லாமல் போகிறது.

அப்படியே போயிற்று. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் இதே ஃபோர்டு, வாங்கும் சக்தி குறையக்கூடாது என்று கூலியை 7 டாலராக்கினார். பாராட்டவேண்டிய காரியம்தான். ஆனால் தனிமரம் தோப்பாகுமா? கார் வாங்க ஆளில்லை. 1929 மார்ச்சில் அவரிடம் இருந்த 1,28,000 தொழிலாளர், 1931 ஆகஸ்டில் 37,000 ஆனார்கள். கூலியும் 7-லிருந்து இறங்கி 4 டாலருக்கு வந்தது. 1932 மார்ச் 7-ஆம் தேதி, வேலை இழந்தவர்கள் டெட்ராய்டிலிருந்து டியர்போர்ன் தொழிற்சாலையை நோக்கிப் பட்டினிப் பேரணி நடத்தினார்கள். போலீசும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் நால்வர் அங்கேயே மாண்டனர். ஐந்தாமவர் பின்னர் இறந்தார். 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. கிடங்கு நிறையச் சரக்கு, வாங்குவார் இல்லை, ஆகவே செய்வாருக்கு வேலை இல்லை, ஆகவே வாங்குவார் இன்னும் இல்லை!

தனி முதலாளியால் முடியாததை எல்லா முதலாளிகளும் சேர்ந்து செய்யவேண்டுமானால், ஒன்று சட்டம் வேண்டும், இல்லையேல் சங்கம் வேண்டும். ரூஸ்வெல்ட் காலத்தில் இரண்டும் வந்தன. சங்கம் சேர்ந்து கூலி பேசும் உரிமையும், முதியோர் ஓய்வூதியமும், வேலையிழந்தோர் இன்சூரன்சும் 1935-ல் சட்டமாயின. 1938-ல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியும், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கும் வந்தன. ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்வோரையும் அந்தச் சட்டங்களிலிருந்து விலக்கிவிட்டார்கள். தென் மாநிலங்களில் அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சட்டத்தின் பந்தியில் கடைசி இலை யாருக்கு என்பது எந்த நாட்டிலும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது போலும்.

போருக்குப் பின் ஒரு கால்நூற்றாண்டு, உற்பத்தி கூடியதற்கு ஒத்தபடி அங்கே கூலியும் கூடியது. அக்காலத்தில் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதர் சொல்லிவந்த ஒரு சம்பவம் உண்டு. தானாக ஓடும் இயந்திரங்களைக் காட்டிய கம்பெனி அதிகாரி, இவற்றிடம் எப்படிச் சந்தா வசூலிப்பீர் என்று கேலியாகக் கேட்டாராம். இவற்றிடம் எப்படிக் கார் விற்பீர் என்று ரூதர் திருப்பிக் கேட்டாராம். சங்கத்துக்காரர்கள் பேச்சில் இந்தக் கேள்வி இன்றும் வருகிறது. செயற்கை அறிவு என்று பேசும் இந்நாளில் அதற்கு வயதாகவில்லை.

எழுபதுகளின் இறுதியிலிருந்து இரண்டும் பிரிந்தன. தொழிலாளியின் உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. நடுத்தரத் தொழிலாளியின் மணிக்கூலி பின்தங்கியது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1968-ல் 1.60 டாலர். அன்று அந்தக் காசு வாங்கிய அளவுக்கு அதன்பின் வந்த எந்தக் குறைந்தபட்சக் கூலியும் வாங்கியதில்லை. 2009 ஜூலையில் 7.25 ஆக்கினார்கள். பல மாநிலங்கள் தம் பங்குக்கு அதைவிடக் கூட்டியுள்ளன என்றாலும், மத்திய அரசின் எண் இன்னும் அங்கேயே நிற்கிறது.

கூலி ஏறாவிட்டால் வாங்குவது குறைந்திருக்கவேண்டுமே? குறையவில்லை. முதலில் மனைவியும் வேலைக்குப் போனாள். பிறகு ஓவர்டைம். பிறகு கடன். வீட்டு விலை ஏறஏற அதே வீட்டின் மேல் மறுபடி மறுபடி கடன் வாங்கிச் சமையலறையைப் புதுப்பித்தார்கள், காரை மாற்றினார்கள். 2007 வாக்கில் அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தக் கடன் அவர்கள் ஓராண்டு வருமானத்தையே தாண்டியிருந்தது. கூலியாகக் கொடுக்கவேண்டியதைக் கடனாகக் கொடுத்து வட்டியும் வாங்கிக்கொண்டார்கள் என்று நாம் சொன்னால் பொருளாதார நிபுணர்கள் கோபிப்பார்கள். வீட்டு விலை சரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. குடும்பங்கள் பர்சை மூடின. 2010 தொடக்கத்துக்குள் 87 லட்சம் வேலைகள் போயின. 2009 அக்டோபரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வேலையில்லை. போன வேலைகளின் எண்ணிக்கை திரும்பி வர 2014 ஆயிற்று. அந்த நாட்களில் சூரத்தில் வைரம் பட்டை தீட்டியவர்கள் சாரைசாரையாக ஊர் திரும்பியதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். நியூயார்க்கில் ஒருவன் மோதிரம் வாங்காததற்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களும் கேட்டிருப்பார்கள்.

2020-ல் நடந்ததுதான் நாம் மிகவும் கவனிக்கவேண்டியது. கொரோனா வந்த மார்ச், ஏப்ரல் இரண்டே மாதத்தில் அங்கே 2 கோடியே 20 லட்சம் வேலைகள் மறைந்தன. வேலையின்மை ஏறத்தாழ 15 சதவீதம். 1930-களுக்குப் பின் காணாத அளவு. சக்கரம் தலைகீழாகச் சுழலவேண்டிய நேரம். ஆனால் இம்முறை அரசாங்கம் காசை நேரே குடும்பத்தின் கையில் வைத்தது. பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆளுக்கு 1,200 டாலர். அடுத்த குளிர்காலத்தில் 600. 2021 மார்ச்சில் முடிவான மூன்றாம் தவணை 1,400. வேலையிழந்தவர்களுக்கு வழக்கமான உதவித்தொகைக்கு மேல் வாரம் 600 டாலர், 2020 ஜூலை இறுதிவரை. வேலையில்லாதவன் வாடகை கொடுத்தான், மளிகை வாங்கினான். கடை பிழைத்தது. 2008-க்குப் பின் ஆறாண்டு எடுத்த மீட்சி இம்முறை இரண்டரை ஆண்டுக்குள் முடிந்தது. 2021-ல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையைப் பெரிதாக்கி, வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத தாய்மாருக்கும் மாதப் பணமாக அனுப்பினார்கள். உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி, ஏழ்மையில் இருந்த குழந்தைகள் நூற்றுக்கு 5.2 ஆகக் குறைந்தனர். அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள், 2022-ல் 12.4 ஆக ஏறிவிட்டது. வறுமை விதியா, முடிவா என்று இனி யாரும் நம்மிடம் வாதாட வரவேண்டாம்.

அதே நாட்களில் நாம் எங்கே நின்றோம்? மே 1 முதல் ஓடிய ஷ்ரமிக் ரயில்களுக்காக, பெட்டி படுக்கையோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெயர் எழுதக் காத்து நின்றோம். பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய், மூன்று மாதம்; ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியம். அமெரிக்காவின் கஜானாவும் நம் கஜானாவும் ஒன்றல்ல என்பதை அறிவோம். இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. கையில் காசு இருந்தது. ஆனால் கப்பல்களும் தொழிற்சாலைகளும் ஈடுகொடுக்கவில்லை. 2021 பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூற்றுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் முறைக்காகக் காத்துக்கிடந்தன. பிறகு உக்ரைன் போரில் எண்ணெய் விலை ஏறியது. 2022 ஜூனில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 9.1 சதவீதம் அதிகம். கூலி ஏறியவர்களுக்கும் அந்த ஏற்றத்தை விலைவாசி தின்றது. காசு கொடுத்ததால் எவ்வளவு, சரக்குத் தட்டுப்பாட்டால் எவ்வளவு என்று அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூலி கூட்டினால் எல்லாம் தானே சரியாகும் என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம்; சரக்கும் கூடவேண்டும் என்பதைச் சேர்த்துப் பேசவேண்டும்.

விலையை அடக்க அவர்கள் மத்திய வங்கி கையில் எடுப்பது வட்டி. வட்டி ஏறினால் வீடு, கார் வாங்குவது குறையும். குறைந்தால் ஆள் எடுப்பது குறையும். கூலி கேட்கும் குரல் தணியும். இதுதான் அந்த மருந்தின் வேலை. கசப்பு யார் வாயில் என்று சொல்லவேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றியபோது, வேலையிழந்த கட்டடத் தொழிலாளர்கள் வீடு கட்டும் மரத்துண்டுகளை அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். ஆனால் 2022, 2023-ல் ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்து ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் ஏற்றியும் வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. மந்தம் வந்தே தீரும் என்று சொன்ன மேதைகள் பலர் ஏமாந்தார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

இப்போது வாங்குவது யார்? 2025 தொடக்கத்தில் மூடீஸ் அனலிட்டிக்ஸ் நிறுவனம் போட்ட கணக்கின்படி, அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதியை, வருமானத்தில் மேல்தட்டில் உள்ள பத்து சதவீதத்தினரே செய்கிறார்கள். பங்குச் சந்தை ஏறுவதால் அவர்கள் கை தாராளமாகிறது. அமெரிக்கர்களின் மொத்தக் கிரெடிட் கார்டுக் கடனோ 2023-ல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. வட்டி 20 சதவீதத்துக்கும் மேல். மொத்தக் கணக்கைப் பார்த்தால் செலவு நன்றாக ஓடுவதாகத் தெரியும். ஆனால் பணக்காரனுக்கு எத்தனை சட்டை வேண்டும்? நூறு டாலர் கூடுதலாக வந்தால் ஏழை மளிகைக்கும் பிள்ளை சட்டைக்கும் செலவிடுவான். செல்வந்தன் மேலும் பங்கு வாங்குவான். நாம் தைப்பது பெரும்பாலும் அந்த ஏழையும் நடுத்தரத்தானும் போடும் சட்டை.

இனி, சகோதரி கேட்ட கேள்விக்கு வருவோம். 2025 ஆகஸ்டு 7 முதல் இந்தியச் சரக்கின்மீது அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஆகஸ்டு 27 முதல் அது 50 ஆனது. பின்னர் நடந்த பேரம் வேறு கதை. இந்த வரியைக் கட்டுவது சேட்டு அல்ல. அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை இறக்கும் அந்நாட்டு வியாபாரிதான் கட்டுகிறார். கட்டியதை அவர் மூன்று தோளில் ஏற்றலாம்: தம் லாபத்தில், தம் வாடிக்கையாளர் தலையில், அல்லது நம் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி. ஏற்றுமதியாளர் அதைப் பட்டறைக்காரரிடம் தள்ளுகிறார். பட்டறைக்காரர் அதற்குக் கீழே யார் இருக்கிறார் என்று பார்க்கிறார். அங்கே கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பது நம் சகோதரி. திருப்பூரிலும் இதே படிக்கட்டுதான்.

சம்பந்தம் உண்டு, சேட்டு சொல்வதில் அவ்வளவும் பொய்யில்லை. ஆர்டர் குறைந்தது உண்மையானால் வேலை நாள் குறையலாம். ஆனால் வெட்டும் பீசுக்குக் கூலி ஏன் குறையவேண்டும்? வரி அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்குத்தானே? தாதர் மார்க்கெட்டுக்குப் போகும் சட்டையின் பிசிறுக்கும் அதே ரேட்டைக் குறைத்திருக்கிறார்களே, அதற்கு எந்த வாஷிங்டன் உத்தரவு? இன்னொன்றும் கேட்கிறோம். 2021-ல் அமெரிக்கக் கடைகள் சரக்குக்காகப் பறந்தன. 2021-22-ல் நம் நாட்டு ஆயத்த ஆடை ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட நன்றாகவே ஏறியது. அந்த ஆண்டு பீஸ் ரேட் எவ்வளவு ஏறியது? அங்கிருந்து நட்டம் மட்டும்தான் கப்பலேறி வருமா?

குறைத்த கூலியோடு சகோதரி நம் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போகிறார். அரை லிட்டர் எண்ணெய் கால் லிட்டராகிறது. மீதி கடன் நோட்டில் ஏறுகிறது. பிள்ளையின் டியூஷன் நிற்கிறது. டியூஷன் சொல்லித்தரும் நம் பெண்ணின் வருமானம் குறைகிறது. ஊருக்கு அனுப்பும் பணம் இம்மாதம் பாதி. இந்தத் தெருவிலும் ஒரு டெட்ராய்ட் இருக்கிறது.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் தையல், தாகா கட்டிங், பிரஸ்ஸிங், பட்டன் வேலை செய்வோர் கூட்டம். ஒவ்வொருவரும் 2021-ல் இருந்த ரேட், வரிக்கு முன்பிருந்த ரேட், இப்போதைய ரேட் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவரலாம். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று லேபிளில் இருக்கலாம். ஒரு லேபிளும் எடுத்துவந்தால் நல்லது. கணக்கெழுதப் பேரேட்டோடு நாம் முன்னதாகவே வந்திருப்போம்.